செராமிக் கமாடோவா, எஃகுக் கெட்டிலா: கரியடுப்பு வாங்கும் முன்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவை ஒட்டிய புறநகரில் வசிக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களில், குளிர் விலகி வீட்டின் பின்புறத்தில் உட்கார முடிகிற முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி எழுந்துவிடும். வெளியே கரியில் சமைப்பதற்கு கமாடோ எனப்படும் விலையுயர்ந்த, கனமான செராமிக் அடுப்பை வாங்குவதா, அல்லது எல்லாக் கடைகளிலும் கிடைக்கும், மூடியுடன் கூடிய உருண்டையான எஃகுக் கெட்டில் கிரில்லே போதுமா என்பதுதான் அது. நான் ஆறு ஆண்டுகள் கெட்டிலில் மட்டும் சமைத்தேன். அதன்பின் செராமிக் அடுப்பு வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டையும் இன்றும் பயன்படுத்துகிறேன். கேட்டவர்களுக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே கோவையாக எழுதுகிறேன். கடைக்காரர்கள் முதலில் சொல்வது அடுப்பு எட்டக்கூடிய உச்ச வெப்பத்தைத்தான், ஆனால் என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: அடுப்பின் சுவர் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது உங்கள் சமையலுக்கு உதவியாக இருக்குமா, இடைஞ்சலாக இருக்குமா என்பது.

கமாடோ என்பது ஜப்பானிய வீடுகளில் அடுப்புக்கு வழங்கும் பழைய பெயர். சோறு வேகவைப்பதற்காக அங்கே புழங்கிய, மூடியுடன் கூடிய உருண்டை வடிவ மண்ணடுப்பை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் பார்த்து விரும்பி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 1974-இல் எட் ஃபிஷர் அட்லாண்டாவில், இவ்வகை அடுப்புகளை விற்கும் பிக் கிரீன் எக் நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்ககால மண்ணடுப்புகள் சூடேறி ஆறுவதில் விரிசல் கண்டதால், பிற்பாடு அதிக வெப்பம் தாங்கும் செராமிக்குக்கு மாறினார்கள். 2009-இல் தொடங்கிய கமாடோ ஜோவும், நீள்வட்ட அடுப்புகளுக்குப் பெயர் பெற்ற பிரைமோவும் இதே ஜார்ஜியாவில் உருவானவைதான். கெட்டிலின் கதை வடக்கே, சிகாகோவில் நடந்தது. 1952-இல் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற உலோகப் பட்டறையில் பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்டீபன், அங்கே செய்யப்பட்டுவந்த, நீரில் மிதக்கவிடும் உருண்டை இரும்பு மிதவையை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதியைக் கரிக்கும் மேற்பாதியை மூடிக்கும் பயன்படுத்தினார். ஒன்று மண்பாண்ட மரபிலிருந்தும் மற்றொன்று தகட்டு வேலையிலிருந்தும் வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இரண்டின் குணமும் எளிதில் விளங்கும்.

குமுட்டி அடுப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இரண்டின் அடிப்படையும் புதிதல்ல. குமுட்டியின் வாயில் விசிறினால் கங்கு சிவக்கும், விசிறுவதை நிறுத்தினால் சாம்பல் பூத்துத் தணியும். கமாடோவிலும் கெட்டிலிலும் அடியில் ஒரு காற்றுவாயும் மூடியில் ஒரு காற்றுவாயும் உண்டு. சூடான காற்று மேல்வாய் வழியே எழுந்து போகும்போது, கீழ்வாய் புதுக் காற்றை உள்ளே இழுக்கும். எவ்வளவு காற்றை அனுமதிக்கிறோமோ அவ்வளவுதான் தீ எரியும். இதுவரை இரண்டும் ஒன்றே. வேறுபாடு சுவரில் தொடங்குகிறது. கெட்டிலின் சுவர் எனாமல் பூசிய மெல்லிய எஃகுத் தகடு. உள்ளே பிறக்கும் வெப்பத்தை அது ஓயாமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கமாடோவின் சுவரோ ஒரு விரல் பருமனுக்கும் மேலான சுட்ட செராமிக். அது வெப்பத்தை மெதுவாக உள்வாங்கி, மெதுவாகவே திருப்பித் தரும். கல்சட்டியில் வைத்த வற்றல்குழம்பு, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் சலசலவென்று கொதித்துக்கொண்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே குணம்தான் இங்கே அடுப்புக்கே வந்திருக்கிறது.

இதிலிருந்து ஒரு தொடர்விளைவு பிறக்கிறது. சுவரின் வழியே வெப்பம் குறைவாகக் கசிவதால், அதே சூட்டைத் தக்கவைக்கச் சிறிய தீ போதும். சிறிய தீக்குக் குறைந்த காற்று போதும். உள்ளே வரும் காற்று குறைந்தால், அது இறைச்சியிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியேறும் ஈரமும் குறையும். கமாடோவில் வெந்த கறி உலராமல் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வதற்கு இதுவே காரணம். செராமிக் தானாக ஈரத்தைச் சுரப்பதில்லை, தேவையற்ற காற்றோட்டத்தைத் தவிர்க்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் குணத்தின் முழுப் பயனும் தெரிவது நீண்ட நேரச் சமையலில். பன்றித் தோள் இறைச்சியை எடுத்துக்கொள்வோம். அதன் தசைகளைப் பிணைத்திருக்கும் கொலாஜன் உருகி ஜெலட்டினாக மாறி, கறி நார் நாராகப் பிரிய வேண்டுமென்றால், உட்புறச் சூடு 93 முதல் 96 டிகிரி செல்சியஸ் வரை மெல்ல உயர வேண்டும். அடுப்பு 110 டிகிரியை ஒட்டி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். இடையில் 65-க்கும் 75-க்கும் நடுவே எங்கேயோ இறைச்சியின் சூடு மணிக்கணக்கில் நகராமல் நின்றுவிடும். மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம், வியர்வை உடலைக் குளிர்விப்பதைப் போல, அதைக் குளிர்வித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். அந்த நேரத்தில் பதறிப்போய்க் காற்றுவாயைத் திறந்துவிடாமல் இருப்பதே பெரிய கலை. நான் வழக்கமாக இரவு ஒன்பது மணிக்குக் கரியைப் பற்றவைப்பேன். முதல் அரைமணி நேரம் வெள்ளையாக, அடர்த்தியாக, கண்ணைக் கரிக்கும் புகை வரும். அது மெலிந்து, இலேசான நீலம் பாரித்து, விளக்கொளியில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு வந்த பிறகே இறைச்சியை உள்ளே வைப்பேன். அப்போது கீழ்வாய் அரை விரல் அகலத்துக்கும் குறைவாகவும், மேல்வாய் ஒரு நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்கும்தான் திறந்திருக்கும். காலை ஐந்து மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தால் மூடியிலுள்ள வெப்பமானியின் முள் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே நிற்கும். ஒருமுறை நிரப்பிய கரியில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்.

கெட்டிலிலும் இதைச் செய்யலாம். பிரிக்கெட் எனப்படும் அச்சுக்கரிக் கட்டிகளை உட்சுவரை ஒட்டி அரைவட்டமாக இரண்டிரண்டாக அடுக்கி, ஒரு முனையில் மட்டும் பற்றவைத்தால், தீ பாம்பு ஊர்வதைப் போல மெதுவாக நகர்ந்து மணிக்கணக்கில் எரியும். ஆனால் காற்று வீசினால் சூடு மாறும், மழைத்தூறல் விழுந்தால் மாறும், நவம்பர் இரவின் குளிரில் கரி இருமடங்கு வேகமாகத் தீர்ந்துபோகும். ஆறு ஆண்டுகள் அப்படித்தான் சமைத்தேன். சுவையில் குறை சொல்ல முடியாது, இழந்தது தூக்கத்தை.

அதே சுவர் இடைஞ்சலாக மாறும் தருணங்களையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. செராமிக் அடுப்பு வாங்கிய முதல் மாதத்தில், ஆட்டுத்தொடை ஒன்றை 135 டிகிரியில் மெதுவாக வேகவைக்க நினைத்தேன். பழைய பழக்கத்தில் இரண்டு காற்றுவாய்களையும் அகலத் திறந்துவைத்துவிட்டு, மசாலா தடவ உள்ளே போனேன். திரும்பி வந்தபோது முள் 220-ஐத் தாண்டியிருந்தது. கெட்டிலாக இருந்தால் வாயை மூடிப் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். செராமிக் சுவரோ அத்தனை சூட்டையும் குடித்துவைத்திருந்தது. காற்றை முழுவதும் அடைத்தும் இறங்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, விருந்தினர்கள் அதுவரை அப்பளத்தைக் கொறித்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து, வேண்டிய சூட்டுக்கு 25 டிகிரி முன்பே வாய்களைக் குறுக்கிவிட்டு, மீதி ஏற்றத்தை அடுப்பின் போக்கில் விடுகிறேன். ஒரே மாலையில் இரண்டு வகைச் சமையல் இருந்தால், மெதுவாக வேகும் பண்டம் முதலில், அதிகச் சூடு தேவைப்படுவது கடைசியில் என்ற வரிசையை மாற்ற முடியாது.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு அடுப்புகளையும் அருகருகே மூட்டி, ஏறத்தாழ ஒரே எடையுள்ள இரண்டு முழுக் கோழிகளை, தயிரும் மிளகும் இஞ்சி பூண்டும் சேர்ந்த ஒரே மசாலாவில் ஊறவைத்து, இரண்டிலும் 190 டிகிரியில் சுட்டேன். மார்புக்கறி 74 டிகிரியைத் தொட்டதும் இறக்கிவிட்டேன். செராமிக்கில் வெந்த கோழியின் மார்புக்கறியை அறுத்தபோது பலகையில் சாறு வழிந்தது. ஆனால் தோல் முதுகுப்பக்கம் இன்னும் இரப்பர் போல இழுபட்டது. கெட்டிலில் சுட்ட கோழியின் தோல் நகத்தால் தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்கு மொறுமொறுப்பாக வந்திருந்தது. மார்பு சற்றே உலர்ந்திருந்தாலும் சாப்பிட நன்றாகவே இருந்தது. பிள்ளைகள் கெட்டில் கோழியின் தோலையும் செராமிக் கோழியின் கறியையும் தேடிப் பிய்த்துத் தின்றார்கள். ஈரத்தைக் காக்கும் அதே குறைந்த காற்றோட்டம் தோல் உலர்ந்து முறுகுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் காட்டவில்லை.

கெட்டிலின் இன்னொரு பலம் அதன் அகலமான, ஆழம் குறைந்த அடித்தளம். கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்தால், ஒரு பாதி அனல் பறக்கும், மறு பாதி மிதமாக இருக்கும். மீன் துண்டங்களைத் தணலுக்கு நேர்மேலே ஒரு நிமிடம் காட்டிவிட்டு, உடனே மறுபக்கம் நகர்த்தி ஆறுதலாக வேகவிடலாம். எண்ணெய் சொட்டித் தீ எழும்பினாலும் அப்படியே தப்பிக்கலாம். வட்டமான கமாடோவில் கரி குறுகிய, ஆழமான கிண்ணத்துக்குள் கிடப்பதால் இந்தப் பிரிவினை எளிதாக அமைவதில்லை. பிரைமோவின் நீள்வட்ட வடிவமும், கமாடோ ஜோவின் பாதிப் பாதியான கம்பித்தட்டுகளும் இந்தக் குறையை மனத்தில் கொண்டு வந்தவையே. நீங்கள் பெரும்பாலும் சுடுவது மீன், இறால், மெல்லிய கோழித் துண்டுகள், சோளம், கத்தரிக்காய் என்று அரைமணி நேரத்துக்குள் முடிகிற பண்டங்கள் என்றால், கெட்டிலையே வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

ரொட்டியிலும் பீட்சாவிலும் நிலைமை தலைகீழ். கமாடோவில், தணலுக்கும் உணவுக்கும் நடுவே வைக்கும் வெப்பத்தடுப்புத் தட்டின் மேல் பீட்சாக் கல்லை வைத்து, 320 அல்லது 340 டிகிரியில் முக்கால் மணி நேரம் ஊறவிட்டால், அடியில் கல்லும் மேலே குவிமாடமும் ஒருசேரச் சூட்டை வீசும். ‘நான்’ ரொட்டி போன்றவை இரண்டு மூன்று நிமிடங்களில் உப்பி, ஆங்காங்கே கரும்புள்ளி விழுந்து வெளியே வரும். தந்தூர் அடுப்பின் மண்சுவர் செய்யும் வேலையை ஏறக்குறைய இங்கே வளைந்த மூடி செய்கிறது. கெட்டிலின் மெல்லிய மூடி அவ்வளவு வெப்பத்தைத் திருப்பி வீசாததால், மேற்புறம் சிவப்பதற்குள் அடிப்புறம் கருகிவிடும். இந்த உயர்ந்த சூட்டில் ஓர் அபாயம் உண்டு. காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருக்கும் தணலின் மேல் மூடியைச் சட்டென்று முழுவதும் திறந்தால், புகும் காற்றில் தீ குபீரென்று முகத்தை நோக்கி எழும். மூடியை இரண்டு விரல் உயரம் தூக்கி, சில விநாடிகள் பிடித்து, மெதுவாக இறக்கி, மறுபடி தூக்கி, அதன்பிறகே முழுவதும் திறக்க வேண்டும். வீட்டில் யார் சமைத்தாலும் முதலில் கற்றுத்தர வேண்டியது இதைத்தான். அதிகச் சூட்டில் அடிக்கடி சமைத்தால், மூடி பொருந்தும் விளிம்பில் ஒட்டியிருக்கும் கேஸ்கெட் பட்டையும் கருகி உதிரும். அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழி இருக்கிறது. சார்-கிரில்லர் நிறுவனத்தின் அகோர்ன் போன்றவை, கமாடோ வடிவத்தில், இரட்டைச் சுவர் எஃகால் செய்யப்பட்டவை. இரண்டு தகடுகளுக்கு நடுவிலுள்ள காப்பு, வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது, ஆனால் சேமித்துவைப்பதில்லை. அதனால் கரிச் சிக்கனமும் ஈரப்பதமும் கமாடோவை நெருங்கும். கீழே விழுந்தால் உடையாது. எடை 40 கிலோவுக்குச் சற்று மேல்தான். விலையும் செராமிக் அடுப்பின் விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவில் அடங்கும். எதிர்ப்பக்கத்தில், மூடியைத் திறந்தவுடன் சூடு விழுவதும் மூடியவுடன் துள்ளி ஏறுவதும் அதிகம். எனாமல் உரிந்த இடத்தில் துருப்பிடிக்கும். அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

கேஸ் கிரில்லைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. வேலை முடிந்து ஆறரை மணிக்கு வீடு திரும்பி ஏழேகாலுக்குச் சாப்பிட வேண்டும் என்றால் அதற்கு ஈடு வேறில்லை. கரியின் மணம் மட்டும் வராது. மரத்தூள் குச்சிகளை எரிக்கும் பெல்லட் அடுப்பு, சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் மின்சாரம் வேண்டும், தீயோடு பழகும் மகிழ்ச்சியும் அதில் இல்லை. எனக்கு அந்தப் பழக்கமே பாதிச் சாப்பாடு.

இப்போது விலையும் எடையும். 57 செ.மீ. விட்டமுள்ள சாதாரணக் கெட்டில் இங்கே 200 டாலரை ஒட்டிக் கிடைக்கும். 15 கிலோ கூட வராது, ஒற்றை ஆளாகத் தூக்கிக் காரில் வைக்கலாம். 46 செ.மீ. செராமிக் கமாடோ 1,000 டாலருக்கு மேல்; இந்த அளவிலுள்ள பிக் கிரீன் எக் மட்டும் 73 கிலோ இருக்கும், அதைத் தாங்கும் வண்டியோ மேசையோ தனி. வெப்பத்தடுப்புத் தட்டு, பீட்சாக் கல், சாம்பல் வாரும் கருவி என்று துணைப்பொருள்களுக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும். தடுப்புத் தட்டு இல்லாமல் கமாடோவின் அருமை பாதி வெளிப்படாது. அளவைப் பொறுத்தவரை, நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 46 செ.மீ. தாராளம். விருந்துகளை நினைத்து 61 செ.மீ. வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இரண்டு பேருக்குச் சுடுவதற்கும் அவ்வளவு பெரிய கிண்ணத்தை நிரப்பிச் சூடேற்ற வேண்டியிருப்பதால், வார நாள்களில் அது மூடியே கிடக்கிறது.

கரி விஷயத்தில் செராமிக் கொஞ்சம் பிடிவாதமானது. மரத்தை அப்படியே சுட்டுச் செய்த இயல்பான மரக்கரிதான் அதற்கு உகந்தது. பிரிக்கெட் விடும் ஏராளமான சாம்பல், சிறிய காற்றுத் துளைகளை நள்ளிரவில் அடைத்துத் தீயை அணைத்துவிடும். பற்றவைக்கும் திரவத்தை அதில் ஊற்றவே கூடாது, நுண்துளைகள் உள்ள செராமிக் அந்த நாற்றத்தை உறிஞ்சிவைத்துக்கொண்டு பல வாரங்களுக்குச் சாப்பாட்டில் திருப்பித் தரும். மெழுகு தோய்த்த நார்க்கட்டி இரண்டு போதும். சமையல் முடிந்ததும் இரண்டு வாய்களையும் மூடினால் தீ மூச்சின்றி அணைந்து, மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு அப்படியே இருக்கும். கரிச்செலவில் இப்படி மிச்சமாவதை வைத்து விலை வித்தியாசத்தை ஈடுகட்டிவிடலாம் என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். வாரத்துக்கு ஒருமுறை சமைக்கும் வீட்டில் அதற்கு மிக நீண்ட காலம் பிடிக்கும் என்பதால், அதை நம்பி வாங்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் இடம் பார்த்த பிறகே வாங்குங்கள். கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. கேரேஜிலோ கண்ணாடி அடைத்த பால்கனியிலோ ஒருபோதும் மூட்டக்கூடாது, அணைந்துவிட்டதாகத் தோன்றும் தணலையும் உள்ளே கொண்டுவரக்கூடாது. அடுக்குமாடி வீடுகளில், எரியக்கூடிய கட்டுமானத்துக்கு 10 அடிக்குள் கரியடுப்பைப் பயன்படுத்த இந்நாட்டின் பல ஊர்களில் தீத்தடுப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. வாடகை ஒப்பந்தத்தையும் படித்துப் பாருங்கள். செராமிக் அடுப்பை மரத் தளத்தின் மேல் நேரடியாக இறக்கிவைக்கக்கூடாது. அடியில் காற்று புகும்படி கால்களோ தரைக்கல்லோ வேண்டும். சூடாக இருக்கும்போது அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடக்கூடும்.

என்னிடம் நேரில் கேட்பவர்களில், இதுவரை கரியில் சமைத்தே பழகாதவர்களைக் கெட்டிலில் ஓராண்டு சமைக்கச் சொல்கிறேன். அந்த ஓராண்டில், ஆறு மணி நேரத்துக்கு மேல் வேகும் பண்டங்களையும் ரொட்டி வகைகளையும் மாதம் இரண்டு முறையாவது செய்ய ஆசைப்பட்டீர்கள் என்றால் செராமிக் உங்களுக்கானது. ஆசைப்படவில்லை என்றால் 800 டாலர் மிச்சம். அதில் நல்ல கரியும் நல்ல மீனும் எத்தனையோ முறை வாங்கலாம்.

செராமிக் என்று முடிவெடுத்தவர்கள் பழைய அடுப்புகளையும் பார்க்கலாம். வீடு மாறுபவர்கள் தூக்க முடியாமல் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போவது இங்கே அடிக்கடி நடக்கிறது. ஊரில் மண்பானை வாங்கும்போது செய்வதைப் போல, மூடியையும் அடிப்பாகத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது, மொத்தென்று மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கக்கூடும். மேற்பூச்சில் தெரியும் மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடுபவை, அவற்றுக்காகப் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் கரிக்கிண்ணம் பிளந்திருந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும், பேரத்துக்கும் உதவும். வெளிச்சுவரில் உள்ளிருந்து வெளிவரை ஓடும் விரிசல் இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். விளிம்பில் ஒரு டாலர் நோட்டை வைத்து மூடியை இறக்கி, மெல்ல இழுங்கள். சுற்றிலும் நாலைந்து இடங்களில் இலேசாகப் பிடித்துக்கொண்டு வந்தால் மூடி சரியாகப் பொருந்துகிறது. கிளம்பும் முன் உள்பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தனித்தனியே துணியில் சுற்றுங்கள். தூக்க இன்னொருவரை அழைத்துப் போங்கள். கீழ்வாயின் ஓரத்தையும் அடிப்பாகத்தையும் பிடித்துத்தான் தூக்க வேண்டும், கீலையோ பக்கப் பலகையையோ பிடித்து அல்ல.